ஒன்பது கைக் கூந்தல்

கடலுக்கு அடியில் சடை பின்னிப் பூ வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு சாயங்காலம் முழுக்க நம்பி, கத்திரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து அதற்காகப் பாடுபட்டவன் நான். அப்போது எனக்கு ஆறு வயது என்று நினைத்துவிட வேண்டாம். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் உத்தியோகம் எனக்கு. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தச் சாயங்காலத்தின் மிச்சமாக, முழ நீளக் கறுப்புக் காகிதத் துண்டு ஒன்று இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. நுனியில் சிவப்புக் குஞ்சலம். அதற்கு மேலே வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய மல்லிகைப் பூக்கள். வீடு ஒதுக்கும்போதெல்லாம் மனைவி அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள், நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன்.

அண்ணன் மனைவியைத் திருநெல்வேலிப் பக்கம் மைனி என்போம். என் மைனி பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் பாதி வழியில் மலையாளத்துக்கு ஏறி, முடியும்போது மறுபடி தமிழில் வந்து இறங்கும். வேலை கிடைத்த புதிதில் அதே ஊரில், வலியசாலையில், அண்ணன் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தேன். மைனி ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். அவர் கையால் சாப்பிடுகிறவர்கள் பாடத்தையும் சேர்த்தே சாப்பிட வேண்டும். தோசையைத் திருப்பிக்கொண்டே, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்பார். "எனக்கு இருக்கது ஒண்ணுதான், அதுவும் இந்த மிளகாய்ப் பொடியில நின்னுரும் போல" என்பான் அண்ணன். நான் சிரிப்பேன். மைனி எங்கள் இருவரையும் கடைசி பெஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மைனி அழவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. விளக்குவதை மட்டும் நிறுத்திவிட்டார். தோசை வெறும் தோசையாகத் தட்டில் விழுந்தது. அண்ணன் வேண்டுமென்றே, "திமிங்கலம் முட்டை போடுமா?" என்று கேட்டுப் பார்த்தான். "போன்ல பாருங்க" என்று உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய துக்கச் செய்தியை நான் கேட்டதில்லை.

இதற்கு நடுவில்தான் தெருக்கோடி நூலகத்தின் மாடி ஹால் கிடைத்தது. கோடை விடுமுறைச் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, ஹாலைத் தொடர்ந்து தருவதா என்று முடிவு செய்வோம் என்றார் நூலகத்தின் செக்ரட்டறி சார். அரசுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் அதே ஹாலைக் கேட்டு நடந்துகொண்டிருந்தார்கள். மைனி ஆழ்கடலை எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருந்த நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள், அக்ரகாரத்துப் பிள்ளைகள், இரண்டு மூன்று மலையாளிக் குழந்தைகள். ஜன்னலோரச் சுவரில் வெளிர்நீலக் காகிதம் ஒட்டி, உள்ளே போகப் போகக் கருநீலம், மேடைப் பக்கம் முழுக் கறுப்பு. நடக்க நடக்க ஆழம் கூடும். காகிதத் தட்டை இரண்டாக மடித்து வாயாக்கி, தலைக்கு மேல் கம்பியில் மஞ்சள் உருண்டையைத் தொங்கவிட்டால் தூண்டில் மீன். சிவப்புக் காகிதத்தில் இறாலை வெட்டி, நீலக் கண்ணாடிக் காகிதத்தின் வழியாகப் பார்க்கச் சொல்வார். இறால் கறுத்துப்போகும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது, அதனால் அங்கே சிவப்பாக இருப்பதுதான் ஒளிந்துகொள்ள வசதி என்று குழந்தைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மைனி வீடு வீடாகப் போய்ப் பெற்றோரை அழைத்துக்கொண்டிருந்தார். வழியிலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "தம்பி, மேடைக்கு ஒரு பெரிய கூந்தல் வேணும். வாசல்ல தொடங்கி மேடை வரைக்கும் நீளணும். மிச்சமிருக்க கறுப்புப் பேப்பர் முழுசும் எடுத்தோ, கேட்டியா?"

கேட்டேன். கடல், கூந்தல், ஆகவே கடற்கன்னி. உடம்பை மைனி செய்வார், முடி என் பொறுப்பு. எனக்குச் சடை பின்னத் தெரியாது. போனில் வீடியோ போட்டு, நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொண்டேன். காகிதம் முழுவதையும் பட்டை பட்டையாக வெட்டி, நீளவாக்கில் ஒட்டி, வாசலிலிருந்து மேடை வரைக்கும் மூன்று கால் பின்னல். வெறும் சடை மூளியாகத் தெரிந்ததால் நெடுக மல்லிகை. கொடுத்த வேலையை மட்டும் செய்கிறவனா நான்? நுனியில் குஞ்சலமும் வைத்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் குழந்தைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். டீ மாஸ்டர் மகள், குரலெடுத்துப் பேசும் சின்னப்பெண், "டீச்சர், இது யாரு சடை?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. நான் முதல் வேலையாகக் குஞ்சலத்தோடு நுனியை நறுக்கிப் பைக்குள் திணித்தேன்.

"தம்பி, இது என்னது?"

"நீங்க கேட்ட கூந்தல், மைனி."

"கூந்தல்னா கணவாய்டா!"

"கணவாய்னா மலைக்கு நடுவுல போற வழில்லா?"

மைனி கண்ணை மூடிக்கொண்டார். சைவ வீட்டில் பிறந்து பூகோளம் மட்டும் படித்தவன் வேறு எப்படிப் பேசுவேன்? மீன்சந்தைப் பக்கமே போகாத எனக்கு, கணவாய் என்று ஒரு கடல் பிராணி உண்டு என்பதும், அதை இந்த ஊரில் கூந்தல் என்பார்கள் என்பதும் அந்தக் காலைப்பொழுதில்தான் தெரிந்தது.

"அவிழு" என்றார் மைனி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மூன்று கால்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தோம். மல்லிகைகளைத் திருப்பி ஒட்டியதும் அவை கணவாய் இரையைப் பிடிக்கும் உறிஞ்சிகளாக மாறின. பழுப்புக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி உடம்பு, காகிதத் தட்டில் கண். பசை காய்வதற்குள் செக்ரட்டறி சார் படியேறி வந்துவிட்டார். கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்காமல் போகமாட்டார். குழந்தைகள் எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையில் 'ராட்சதக் கணவாய், பத்துக் கைகள்' என்று இருந்தது. குடை நுனியால் எண்ணினார்.

"டீச்சறே, ஒன்பதே உள்ளூ."

மூன்றை மூன்றாகக் கிழித்தால் ஒன்பதுதான் வரும். கறுப்புக் காகிதம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை, என் பைக்குள் இருந்ததைத் தவிர. மைனி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன், வெறும் தோசை போடும்போது. பைக்குள் கையை விட்டேன். விரலில் குஞ்சலம் தட்டுப்பட்டது. சிவப்புக் குஞ்சலம் வைத்த பத்தாவது கையை நீட்டுவதா, வேண்டாமா என்று நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றபோது, டீ மாஸ்டர் மகள் முன்னால் வந்தாள்.

"ஒண்ணைத் திமிங்கலம் தின்னுட்டு, சாரே. அதுக்கும் பசிக்கும்லா?"

செக்ரட்டறி சார் மைனி பக்கம் திரும்பினார். "அது சரியாணோ டீச்சறே?"

மைனி வாயைத் திறந்தார். இருட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிவரும் திமிங்கலத்தைப் பற்றி, அதன் தலையில் இந்த உறிஞ்சிகள் பதித்துவிட்டுப் போகும் வட்டத் தழும்புகளைப் பற்றி, தழும்பை மட்டும் வைத்துக் கீழே நடந்த சண்டையை யூகிக்கிற மனிதர்களைப் பற்றி, மலையாளத்துக்கு ஏறியும் தமிழுக்கு இறங்கியும் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகளோடு வந்திருந்த மேஸ்திரிகளும் பரிமாறுகிறவர்களும் வேலைக்கு நேரமாவதை மறந்து நின்றார்கள். செக்ரட்டறி சார் குடையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது, "சனியாழ்ச்ச ஹால் டீச்சருக்குத் தன்னே" என்றார்.

மறுநாள் தோசையோடு, கணவாயின் ரத்தம் நீல நிறம் என்ற செய்தியும் தட்டில் விழுந்தது. அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு சத்தமில்லாமல் இன்னொன்று கேட்டான்.

இன்றும் சனிக்கிழமைகளில் அந்த ஹாலில் வகுப்பு நடக்கிறது. நான் கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலை இரைச்சலுக்குமேல் ஒரு வாடகைக் குடித்தனத்தில் இருக்கிறேன். போன வாரம் மனைவி அலமாரியை ஒதுக்கியபோது காகிதத் துண்டு மறுபடி கீழே விழுந்தது. குஞ்சலம் வெளுத்திருக்கிறது, இரண்டு பூ உதிர்ந்துவிட்டது. மேஜையில் நேராக நீட்டி வைத்துப் படமெடுத்து, "மைனி, பத்தாவது கை இத்தனை வருஷமா என்கிட்டதான் இருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"அப்போ அந்தத் திமிங்கலம் நீதானா?"