பிடிபடாத மத்தி

துறைமுகத்தில் அவளுக்குச் ‘செத்தபின் டாக்டர்’ என்று பட்டப்பெயர். வலையில் வரும் மத்தி மீன்களை அறுத்து, மூளையில் கொஞ்சம், மண்ணீரலில் கொஞ்சம் எடுத்து, வைரஸ் உண்டா என்று சோதிப்பது அவள் வேலை. பெயரைக் கேட்டு அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

படகு வைத்திருந்த அவள் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மத்தி அருகிக்கொண்டே போகிறது, ஏதோ சீக்குதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் சலிக்காமல் சோதித்தாள். ஒவ்வொரு முறையும் நோய் இல்லை என்றே வந்தது. அதைக் காட்டியே அதிகாரிகள் அவன் வாயை அடைத்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சக படகுக்காரர்கள் நக்கலடித்தார்கள். கூடப்பிறந்தவளே காலை வாரிவிட்டாள் என்று அண்ணி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் வேறொரு சோதனைக்காகச் சூரை மீன் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றிலிருந்து பாதி கரைந்த மத்திகள் மேசையில் சரிந்தன. கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். நோய் கண்ட மீன் நேராக நீந்தாது; தள்ளாடும். தள்ளாடுவதைச் சூரை முதலில் விழுங்கிவிடும். வலைக்கு வந்ததெல்லாம் நோய் தொடாமல் பிழைத்தவை. அவற்றை வைத்துக்கொண்டு கடலுக்கே நலம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கரையாத தலைகளைத் தேர்ந்து சோதித்தாள். வைரஸ் இருந்தது. நம்பாமல் மறுபடி சோதித்தாள். அப்போதும் இருந்தது. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

படகில் இயந்திரம் இல்லை, விற்றாகிவிட்டது. வெளியூர் குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்காக அண்ணன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“நீ சொன்னதுதான் சரிண்ணா. சீக்குதான். நான்தான் தப்பான எடத்துல தேடிட்டேன்.”

“என்ன சீக்குன்னு தெரிஞ்சுபோச்சா?”

“தெரிஞ்சுபோச்சு.”

“மருந்து?”

“கடலுக்கு எப்படிண்ணா மருந்து போடறது?”

“அப்போ அதத் தெரிஞ்சு நான் என்னம்மா பண்றது?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். பேருந்து நிலையம்வரை கூடவே நடந்தாள். பையைத் தூக்கக் கை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை.

அதன்பின் வந்த சூரைகளின் வயிற்றையெல்லாம் அறுத்துப் பார்த்தாள். மத்தி கிடைத்தவரை நோயும் கிடைத்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் வயிறுகள் வெறுமையாக வரத் தொடங்கின.