செல்லையா அண்ணாச்சி பெயர் எழுதாமல் வைத்த படங்கள்

என் எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும், வரியை விட்டு இறங்கியும் இருக்கும். செல்லையா அண்ணாச்சியை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றது இது. ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது போகிறது.

அவர் போன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே வாசித்தேன். தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். முகம் இருந்த இடத்தை ஜவுளிக்கடை நோட்டீஸ் மறைத்திருந்தது. எழுத்து பெரிதாக இருந்ததால் விரலை வைத்து ஆரம்பித்தேன். செ, ல், லை, யா. ஒரு முழுப் பெயர் தடுமாறாமல் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, சாவுப் போஸ்டரைப் பாத்துச் சிரிக்கீய?" என்றான் டீக்கடைத் தம்பி.

"சரியா வாசிச்சிட்டேன்லே!" என்றேன்.

அடுத்த வரியில் இருந்த குத்துக்கல்வலசை என்ற ஊர்ப் பெயரையும் வாசித்த பிறகுதான், அது யார் பெயர் என்று உறைத்தது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எனக்குச் சங்கு, சிப்பிக் கடை. தூத்துக்குடியிலிருந்து வருவதை ஆசிட்டில் முக்கி, தேய்த்து, வார்னிஷ் அடித்து வைப்போம். சாரல் அடித்த ஒரு நாள் அண்ணாச்சி குடையோடு வந்தார். போலீஸில் கைரேகைகளைப் படம் எடுத்து ஓய்வு பெற்றவர்.

"மினுக்கினது வேண்டாம் வே. கடல்ல கிடந்த மேனிக்கே இருக்கா?"

"அழுக்குச் சிப்பியா? அதை ஓசிக்குக்கூட ஆள் எடுக்காது."

"அப்ப ஓசியாவே தாரும்."

பிறகு ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வரிவரியாகப் பாறை, நடுவே இருட்டுப் பள்ளம்.

"ஐந்தருவிப் பாறையை எங்கன நின்னு எடுத்தீய?" என்று கேட்டேன்.

"ஓம்ம கடைச் சோழி வே! அதோட வாய்ப் பல்லுக்கு நடுவுல போயிருக்கேன்" என்று அவர் சிரித்த சிரிப்புக்குத் தெருவே திரும்பியது.

அதன்பின் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது ஒரே படத்தில் முழுச் சோழியும் தெளிவாக வராதாம். மயிரிழை மயிரிழையாகக் கேமராவை நகர்த்திப் பல படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்குவார். ஃபேன் போடக் கூடாது. நான் பெருமூச்சு விட்டால்கூட, "வே, சோழி பறந்துரும்" என்பார். "கிட்ட போனா முழுசு தெரியாது வே. பெறவு எந்திச்சுப் பின்னால வந்து பாக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. போஸ்டர் முன்னால் நின்றபோது அதைத்தான் மறந்துபோனேன்.

ஒவ்வொரு படத்தின் கீழும் பெயருக்காக வெள்ளைப் பட்டை விட்டிருப்பார். "கடையில நீரு சொல்லுத பேரையே எழுதும்" என்பார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஒவ்வொரு முறையும் தப்பித்தேன். ஒரு நாள் தன் கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்ப எடுத்துத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் இன்னைக்குக் கண்ணு கூசுது, பெறவு பாப்போம்" என்றார்.

மறுவாரமே வகுப்பில் சேர்ந்தேன். அவருக்குத் தெரிந்ததும், "பட்டை காலியாவே கிடக்கட்டும், நீருதான் வந்து எழுதணும்" என்று சொல்லிவிட்டார். கையெழுத்து கொஞ்சம் அழகாகட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்து அண்ணாச்சியின் மனைவியை, எனக்கு மதினி, பார்க்கப் போனேன். சிரித்ததைச் சொல்லாமல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. சொன்னேன். மதினி கேட்டது ஒன்றுதான்.

"பேரைத் தப்பில்லாம வாசிச்சீகளா?"

"ஆமா மதினி."

"அவுக இருந்தா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பாக" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

சோழிப் படத்தின் கீழே எழுதினேன். சோ ஒழுங்காக நின்றது. ழி பட்டையை விட்டு இறங்கிவிட்டது. அண்ணாச்சி சொன்னபடி எழுந்து பின்னால் வந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தாலும் கோணல்தான். அழிக்கப் போனேன், மதினி விடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கண்ணாடியைத் திரும்ப எடுத்துத் துடைத்த அந்த நேரம்தான். ஐவிரல் சங்குப் படத்துக்கும் பெயர் எழுத அடுத்த வாரம் வருவதாக மதினியிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து அழகாகும்வரை இனிக் காத்திருக்கப் போவதில்லை.