பாப்போம் என்றொரு பதில்

என் வீட்டுக்காரருக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. 'சரி' என்றும் சொல்ல வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறார்: பாப்போம். மிக்ஸி ஜாரில் வாஷர் போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்றால் பாப்போம். மாடிக் கதவு மழைக்கு உப்பிக்கொண்டு மூடமாட்டேன் என்கிறது என்றால் பாப்போம். இத்தனைக்கும் இராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மெஷின் நின்றாலும் போய்க் கையை வைத்தால் ஓடும் என்று பேர் வாங்கியவர். மெஷின் யாரிடமும் சம்மதமா இல்லையா என்று கேட்பதில்லை. அதனால் அங்கே பிழைத்துக்கொண்டார்.

ஊரில் எல்லோரும் சொல்வதுதான். நன்கொடைக்கு வருகிறவரிடம் 'பாப்போம்' என்றால் அவர் புரிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். மனம் நோகாமல் கதவைச் சாத்த ஒரு வழி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்ற மகளிடமும் அதையே சொன்னால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போய் ஆராதனை முடிந்து வந்து, குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கூப்பிட்டாள். கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள நினைப்பதாகவும், அவர் அந்த ஊர்க்காரர் என்றும் சொன்னாள். அப்பா சரி என்று சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா கையைப் பிடித்து நடந்து வர வேண்டும், அது மட்டும்தான் ஆசை என்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்து ஒப்பித்த மாதிரி இருந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். "பாப்போம்த்தா" என்றார். போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். விடிய விடிய மழை பெய்து ஓய்ந்த நாள் அது.

"அம்மா, அப்பா முடியாதுன்னுட்டாகளா?" என்று மகள் கேட்டாள்.

"முடியாதுன்னு சொல்லலயேத்தா."

"அவிய என்னைக்கு அப்படிச் சொல்லிருக்காக?"

அவர் சரி என்று சொல்லாததற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அவருடைய அக்கா, எனக்கு மதினி. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கு ஒரு மகன். அத்தை மகன், மாமன் மகள் என்று பேச்சு வாக்கில் சொல்லிச் சொல்லி, அது எப்போதோ மதினியின் மனதில் உறுதியாகிவிட்டது. "என்ன தம்பி, முடிச்சிருவமா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் இவர் சொன்ன பதில் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சொல்லை மகள் 'முடியாது' என்று எடுத்துக்கொண்டாள். அக்கா 'சரி' என்று எடுத்துக்கொண்டார். இவர் மதில் மேல் பூனையாக நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் அசனம் நடந்தது. சபையார் எல்லோரும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மதினி பக்கத்து வீட்டு அம்மாளிடம், "இவிய யாருன்னு தெரியுதா? எங்க சம்பந்தியம்மா" என்றார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றியபடி எங்கள் வரிசைக்கு வந்தார்.

"மதினி சொல்லுறது கேட்டுச்சா? இப்பவே சொல்லிருங்க" என்றேன்.

"பந்தியில வச்சா சொல்லுவாக? பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு என் இலையில் ஒரு கரண்டி அதிகமாக ஊற்றிவிட்டுப் போனார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

பிறகுதான் மகள் ஒரு சினிமாப் படத்தை அனுப்பினாள். "நான் பேசுனா அப்பா செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருதாக. படம்னா உக்காருவாகல்ல. முழுசாப் பாக்கச் சொல்லுங்க." அவளுக்கு அந்தப் படத்தைக் காட்டியது அவள் கட்டிக்கொள்ள நினைத்தவர்தானாம். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் லீவில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற பழைய படம்.

சனிக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டோம். கறுப்பு வெள்ளை. அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். நான் வாசித்து வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். பெரிய சண்டை அப்போதுதான் முடிந்திருக்கிறது. ஊர் பூராவும் இடிந்து கிடக்கிறது. ஜெயித்த நாட்டுச் சிப்பாய் ஒருவன், தோற்ற நாட்டில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிடுகிறான். அவனுடைய அதிகாரிகள் கூடாது என்கிறார்கள். அவளுடைய தெருக்காரர்கள் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நான் பேண்டேஜ் யூனிட்டில் பாக்கிங் பகுதியில் சூப்பர்வைசர். அதனால் என் கண் போன இடம் வேறு. அந்தப் பெண் ரத்தம் பட்ட பேண்டேஜை எல்லாம் துவைத்து, கொடியில் நீளநீளமாகக் காயப்போட்டு, மறுபடியும் சுருட்டி வைக்கிறாள். வேறு துணி கிடையாது போலிருக்கிறது. எங்கள் யூனிட்டில் ஓரம் கொஞ்சம் பிசிறினாலே தூக்கிப் போடுகிறோம். அந்தக் கொடிக்கு அடியில் நின்றுதான் அவன் 'என்னைக் கட்டிக்கொள்வாயா' என்று கேட்கிறான். இவரைத் திரும்பிப் பார்த்தேன். "அந்தக் கொடிக்கம்பம் சரியா ஊனல பாரு, சாயுது" என்றார்.

அடுத்து, அவன் பெண் கேட்டு அவளுடைய அப்பாவிடம் வருகிறான். மேஜையில் சூப்பு, ரொட்டி. அந்த மனிதர் ரொட்டியைப் பிய்க்கிறார், மெல்லுகிறார், பேசவே காணோம். மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கடைசியில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அடியில் எழுத்து வந்தது.

"என்னங்கிறாரு?" என்று இவர் கேட்டார்.

"பாப்போம்ங்கிறாரு."

இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, விவரமான மனுசன்" என்றார். கையில் இருந்த ரிமோட்டை அவர் மேல் எறியாமல் இருந்தது என் பொறுமை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு கூப்பிட்டால், மிச்சத்தை இன்னொரு நாள் பாப்போம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

நான் தனியாக உட்கார்ந்து முடிவு வரைக்கும் பார்த்தேன். ஒரு சர்க்கார் ஆபீசில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவருக்கு என்று முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் வரவில்லை. கூப்பிட்டதும் தன் கோட்டைக் கழற்றி அந்த நாற்காலியில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் போகிறாள். நான் அழுதேன். அதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அடுத்த வாரம் மகளே துணிந்து அந்தப் பிள்ளையை வீடியோவில் கூட்டி வந்தாள். செம்பட்டை முடி, கூச்சப்பட்ட முகம். புத்தகம் வைத்துத் தமிழ் படித்திருந்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, "வணக்கம் மாமா. நான் உங்கள் மகளைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் பதில் என்ன?" என்று நேராகக் கேட்டார். இவருக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் செடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. "பாப்போம்" என்றார்.

அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்தது. "பார்ப்போம்" என்று அழுத்தம் திருத்தமாகத் திருப்பிச் சொன்னார். "மிக்க நன்றி மாமா. பார்ப்போம்."

இரண்டொரு நாளில் அவள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, அவரு டிக்கெட் போட்டுட்டாரு. அப்பா சந்திக்கலாம்னு சொல்லிட்டாகளாம்."

"நீ விளக்கிச் சொல்லலயாட்டி?"

"என்னத்த விளக்க? எங்க வீட்டுல அதுக்கு அர்த்தம் வேறன்னா? அவரு படிச்ச புஸ்தகத்துல போட்டிருக்க அர்த்தத்துலதான அவரு எடுத்துக்கிட்டாரு. தனியாத்தான் வாராரு. அந்தச் சொல்ல நேர்ல ஒருக்கா கேக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

இவரிடம் சொன்னபோது ஆடிப்போய்விட்டார். "நான் எப்ப வரச் சொன்னேன்? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீ எடுத்துச் சொல்லிரு."

"நான் சொல்ல மாட்டேன். வராதீகன்னு ஒரு வார்த்தை. நீங்களே சொல்லுங்க" என்றேன். அதுவும் அவருக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சென்னை வண்டியில் அந்தப் பிள்ளை இராஜபாளையத்தில் வந்து இறங்கினார். இவர்தான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பையை வாங்கி வண்டியில் வைத்துக் கூட்டி வந்தார். நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிள்ளை வந்த மறுநாளே மிக்ஸி ஜாரைக் கழற்றினார். இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு பேருமாக வாஷரை மாற்றினார்கள். மாடிக் கதவை இழைத்து மூட வைத்தார்கள். பாஷை இல்லாமலே ஸ்குரூ டிரைவரை நீட்டவும் வாங்கவும் அவர்களுக்கு நன்றாக வந்தது. இவர் அவருக்கு ஒரு கைலி வாங்கிக் கொடுத்து, கட்டவும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குக் காது கூர்மை. இருந்த நாட்களில் இவர் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய பேப்பர் வாங்க வந்தவரிடம் பாப்போம். சபைக் கமிட்டிக்கு நிற்கச் சொன்னவரிடம் பாப்போம். மதினி போனில், "யாரோ வெள்ளக்காரன் வந்திருக்கானாமே, நம்ம காரியம் என்னாச்சு?" என்று சத்தமாகக் கேட்டபோதும், "பாப்போம்க்கா." வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் எப்படி முகம் மாறி விலகினார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்புகிற நாளில் பிளாட்பாரத்தில் நின்று மறுபடி கேட்டார். புத்தகத் தமிழ் போய்விட்டிருந்தது. "மாமா, உங்களுக்குச் சம்மதந்தானா?"

இவர் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று, 'சொல்லுங்க, ஒரே ஒரு வார்த்தை' என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பாப்போம் மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுவிட்டு அதைச் சொல்கிறார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "புரியுது மாமா" என்றார். அவர் தமிழ் படித்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மதினி எத்தனை நாள்தான் காத்திருப்பார். சாத்தூர்ப் பக்கம் நல்ல இடம் வந்தது, மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். வருத்தமும் படவில்லை. பால்கோவாவோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா? நான் அக்கா மனசு நோக ஒரு வார்த்தை பேசல. எல்லாம் தானாச் சரியாயிருச்சு. இனி பிள்ளைகிட்ட சரின்னு சொல்லிர வேண்டியதுதான். போனைப் போடு."

போட்டேன். மகள் அமைதியாகக் கேட்டாள். அந்த ஊர் ஆபீசில் கல்யாணத்துக்குப் பேர் பதிந்தாயிற்று என்றாள். வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"செத்த தள்ளி வைக்கக் கூடாதாத்தா? இங்க கோயில்ல நடத்திருவோம்."

"எம்புட்டு நாள்ப்பா தள்ளி வைக்க? போனில காட்டுதேன். பாருங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். என் கோபம் மட்டும் அடங்கவில்லை. இன்றைக்கும் அடங்கவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். நல்லவரோடு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை அவர் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். மகள் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். படம் நின்று நின்று வந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒரே கோணம்தான், அதுவும் தாழ்வான கோணம். சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி போட்டு, அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அவர் அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர் இல்லை. எனக்குத்தான் அந்த நாற்காலியைத் தெரியும்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் மகள் குனிந்து எங்களை எடுத்தாள். திரை முழுக்க அவள் முகம்.

"அப்பா, பாத்தீகளா?"

அவர் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"பாத்தேன்த்தா" என்றார்.