ஸ்டீயரிங்கை விட்டு எழும் விரல்

எதிரே வண்டி வரும்போது டெல்பர்ட் கூல்மன் கையசைப்பதில்லை. ஸ்டீயரிங்கின் உச்சியில் கிடக்கும் வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் எழும். ஒரு கணம் நிமிர்ந்து நின்று, வண்டி கடந்ததும் படியும். முகம் திரும்பாது. உள்ளே இருப்பது யார் என்றும் பார்க்கமாட்டார்.

அவர் பிறந்து வளர்ந்த அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேடுகளில் எல்லோருக்கும் அப்படி விரலால் வணக்கம் சொல்லும் பழக்கம் உண்டு. அங்கே ஒரு வண்டி போய் மறு வண்டி வர நேரமாகும். கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குக் கிழக்கே எங்கள் குடியிருப்பின் முன்னால் ஓடுவதோ ஆறு வழிச் சாலை. அங்கும் அந்த விரல் ஓயாமல் எழுந்து படிந்தது. “பியானோ வாசிக்கிறீங்கன்னு நினைக்கப் போறாங்கப்பா” என்பாள் மகள் ஜனெல்.

மனைவி ஆர்லீனுக்காகத்தான் எழுபது வயதுக்கு மேல் அவர் மாநிலம் மாறினார். ஆர்லீனுக்கு நினைவு போய்விட்டது. ஜனெல் ஊருக்கு வெளியே, புல்வெளி நடுவில் இருந்த காப்பகத்தில் அவளைச் சேர்த்திருந்தாள். பஸ் போகாத இடம். தாதிகள் ஊட்டினால் ஆர்லீன் பல்லைக் கடித்துக்கொள்வாள். டெல்பர்ட் தினமும் மதியம் போய்க் கரண்டியை நீட்டினால்தான் வாய் திறக்கும்.

கொலராடோவில் குடியேறியவர் கொலராடோ லைசென்ஸ்தான் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் அழைத்துப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் அவருடைய பழைய லைசென்ஸை வாங்கி, இனி செல்லாது என்று ஒரு துளை போட்டாள். கண் பரிசோதனைக் கருவியில் அவர் நெடுநேரம் குனிந்திருந்ததைப் பார்த்து, வண்டி ஓட்டியும் காட்ட வேண்டும் என்றாள்.

முதல் தேர்வில் அவர் தோற்றார். நாலு பக்கமும் நின்று போக வேண்டிய ஒரு சந்திப்பில், முதலில் வந்து சேர்ந்தவர் அவர்தான். அவர் முறை. அவரோ மற்ற மூன்று பக்கத்துக்கும் விரலைத் தூக்கிப் போகச் சொன்னார். அவர்கள் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் தூக்கினார். பின்னால் ஹாரன் அலறியது. தேர்வாளர் மிஸ் பச்சேக்கோ கிளம்பச் சொன்னபோது, அவர்கள் போகட்டும், தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றாராம்.

திரும்பி வந்து இறங்கியதும் என் முன்னாலேயே அவள் சொன்னாள்: “மரியாதை நல்லதுதான் சார். ஆனா நீங்க எப்போ கிளம்புவீங்கன்னு எதிர்ல இருக்கிறவனுக்குத் தெரியணும். தெரியலைன்னா வந்து மோதுவான். ரெண்டு கையும் ஸ்டீயரிங்லயே இருக்கட்டும்.”

மோதுவான் என்றபோது அவர் தலை குனிந்தது. தோற்றதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

மறு தேர்வு வரை நான்தான் காப்பகத்துக்கு ஓட்டிப்போனேன். முடியாத நாட்களில் ஆர்லீன் சாப்பிடவில்லை. ஒரு தேவாலயத்தின் காலி வாகன நிறுத்தத்தில் அவருக்குப் பயிற்சி. அதிகம் பேசத் தெரியாதவன் நான். விரலைத் தூக்க வேண்டாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“நான் எங்க தூக்குறேன் தம்பி? அதுவா எந்திரிக்குது.”

இரண்டாம் தேர்வுக்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்தார். காயமா என்று மிஸ் பச்சேக்கோ கேட்டதற்கு ஆமாம் என்றார். தேறினார்.

அங்கிருந்து நேரே காப்பகத்துக்கு ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். வழி முழுக்க எத்தனையோ வண்டிகள். விரல்கள் அசையவில்லை. கட்டுக்குள் நடுவிரலும் சேர்ந்து வெளுத்திருந்தது. காப்பக வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“யாரையுமே கண்டுக்காம வந்துட்டேன்” என்றார். “நல்லவன் கெட்டவன், எல்லாரையும்தான்.”

அப்புறம் பிளாஸ்திரியைப் பிரித்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஆர்லீன் சூப்பை முழுவதும் குடித்தாள்.

தினமும் அவராகவே போய்வந்தார். அந்த விரல் மீண்டும் எழுந்து நான் பார்க்கவில்லை. வசந்தத்தில் ஆர்லீன் இறந்தாள். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பியானோ நின்றுவிட்டதே என்று ஜனெலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு டேரல் என்று ஒரு தம்பி இருந்தானாம். ஊர்ச் சந்திப்பு ஒன்றில், பக்கத்துப் பண்ணைக்காரர் ராய்ஸின் லாரி மோதிச் செத்துப்போனான். ராய்ஸ் தினமும் அதே சாலையில்தான் போய்வருவார். மகனின் அடக்கத்துக்குப் பிறகு முதல்முறை அவர் லாரி எதிரே வந்தபோது, டெல்பர்ட்டின் கை ஸ்டீயரிங்கில் கல்லாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த ஆர்லீன் எட்டி, அந்த ஒரு விரலைக் கீழிருந்து தூக்கிவிட்டாள். அன்றிலிருந்துதான் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லோருக்கும் விரலைத் தூக்க ஆரம்பித்தாராம்.