முதல் வாடிக்கையாளர்

களையெடுக்கும் மெஷின் செய்கிற புதுக் கம்பெனியில் அவருக்கு ஒரே ஒரு வேலை. மெஷினை வேனில் ஏற்றிப் போய், கேட்கிற விவசாயியின் நிலத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் அவர் டெமோக்காரர். ஓட்டிக் காட்டினால் வாங்கிவிடுவார்கள் என்று கம்பெனி நம்பியது. விவசாயிகளும் நம்பினார்கள், ஓட்டிக் காட்டினால் களை போய்விடும் என்று.

"அண்ணே, அந்த மூலையில சரியாத் தெரியல. இன்னொரு தடவ ஓட்டிக் காட்டுங்க" என்பார்கள். மூலை முடிந்தால் நடு, நடு முடிந்தால் பக்கத்து மச்சான் நிலம். வெயிலில் காய்ந்து கருவாடாகி, வட்டாரத்துக் களையில் பாதியை அவரே எடுத்து முடித்தார். ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

சீசன் முடிந்ததும் மேனேஜர் கூட்டம் போட்டுச் சுவரில் படம் காட்டினார். டெமோ எண்ணிக்கைக் கோடு கூரையைப் பார்த்து ஏறியிருந்தது.

"இதுதான் வளர்ச்சி. அடுத்த சீசன் டெமோவ ரெண்டு மடங்காக்குறோம்."

டெமோக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வருஷத்துல பத்து நாள் வேலைக்கு யாரு சார் மெஷின் வாங்குவா? மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடலாமே."

"நாம தொழில்நுட்பக் கம்பெனிங்க. வாடகை சைக்கிள் கடை இல்ல" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

வீட்டில் சொல்லிப் புலம்பினார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே செய்யவேண்டியதுதானே?"

செய்துவிட்டார். வேலையை விட்டு, வீடு கட்ட வைத்திருந்த பணத்தைப் போட்டு, அதே மெஷினை வாங்கினார். அந்த வட்டாரத்தின் முதல் விற்பனை என்று கம்பெனிக்குத் தலைகால் புரியவில்லை. சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கன்னம் வலிக்கச் சிரித்தார்.

மழை பெய்ததும் ஏழு பேர் தேடி வந்து நாள் சொன்னார்கள். வாடகையைக் கேட்டு முகத்தைச் சுளித்தாலும், ஆள் கிடைக்காத காலம் என்பதால் ஒத்துக்கொண்டார்கள். பயல்கள் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

முதல் நாள் காலை மெஷினோடு போனால், நிலத்தோரம் கம்பெனி வேன் நிற்கிறது. புது டெமோக்காரர் ஒருவர் பாதி நிலத்தை முடித்திருந்தார்.

விவசாயி தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. சும்மா காட்டுறோம்னு வந்தாங்க. மத்த ஆறு பேருக்கும் இந்த வாரமே வர்றாங்களாம்."

அந்த நேரம் பார்த்து மூலையில் கம்பெனி மெஷின் நின்றுபோனது. புதியவர் திருதிருவென விழித்தார்.

"நீங்களே ஒரு தடவ ஓட்டிக் காட்டிருங்கண்ணே" என்றார் விவசாயி.

"காட்டுறேன். மணிக்கு இவ்வளவுன்னு பேசினோமே, அது குடுக்கணும்."

விவசாயி வேனில் கட்டியிருந்த பேனரைக் காட்டினார். 'எங்கள் முதல் வாடிக்கையாளர்! நீங்களும் இலவச டெமோ கேளுங்கள்!' என்ற எழுத்துக்கு நடுவே, சாவியும் கையுமாக இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இலவசம்னு நீங்கதானேண்ணே போட்டிருக்கீங்க?"