காலையில் ஒரு திருகு

என் தம்பி முடிவெட்டுகிறவன். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவனிடம் தலையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறவருக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது அத்துப்படியாகியிருக்கும். "வீட்டுல என் அக்கா பேசுவா, நான் கேட்பேன். பேசுறதுக்குன்னேதான் கடை வச்சேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் போட்டுக்கொடுப்பான். கோபக்காரிதான் நான். இல்லை என்று யார் சொன்னது?

முப்பதைத் தாண்டியதும் அவனுக்குத் தோள் கனக்க ஆரம்பித்தது. முதலில் "கொஞ்சம் குனிங்க" என்று எல்லாரையும் குனியச் சொன்னான். பிறகு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வெட்டினான். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய், பிறக்கும்போதே உடம்போடு வந்தது, குணமாக்க மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவன் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. கையை யாராவது கழுத்துவரை தூக்கிவிட்டால் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வான். தூக்கத்தான் முடியவில்லை. கால்களும் தளர்ந்தன. கடையைப் பூட்டினோம். அவன் மனைவியோ நானோ சோறு ஊட்டினோம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டும் பேசினான்.

அப்போதுதான் மறுவாழ்வு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தெரபிஸ்ட் பெண் அந்தக் கருவியைக் கொண்டுவந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் மாட்டுகிற ஒரு இரும்புக் கை. முன்கையை வைக்கத் தொட்டி மாதிரி ஒரு தாங்கி, அதற்கு அடியில் ஸ்பிரிங். மோட்டார் கிடையாது. கையின் கனத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், மிச்சமிருக்கிற பலத்தில் கையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றாள். ஸ்பிரிங்கை இறுக்குகிற குமிழைத் திருகி அவன் கனத்துக்கு ஏற்றபடி நிறுத்தி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். கையைத் தாங்கியோடு கட்டுகிற பட்டையை மாட்டினாள்.

அவன் கை எழுந்தது. நேராகப் போய் மூக்கைச் சொறிந்தது. "ஐயோ!" என்று கத்தியே விட்டேன். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டே அழுதான்.

"எவ்வளவு நாளாடா அரிச்சுது அது?"

"தினமும்தான். எத்தனை தடவை உன்னைக் கூப்பிடுறது? திட்டுவியே."

கடையைத் திறந்தோம். கத்தரியும் சவரக்கத்தியும் வேண்டாம், ஒற்றைக் கையால் ஓட்டுகிற கட்டிங் மெஷின் போதும் என்று முடிவானது. அவன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான். தலையைக் கொடுக்கிறவர்தான் சுழலும் நாற்காலியில் சுற்றி வரவேண்டும். சுற்றிவிடுவது அவன் மனைவியின் வேலை. அவள் தையல்காரி. தையல் மெஷினையும் கடை மூலைக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். காலையில் பட்டையை மாட்டிவிடுவதும் அவள்தான்.

மாதங்கள் போயின. கை தளரவே இல்லை. முதல் நாள் எழுந்த மாதிரியே எழுந்தது. "நோய் நின்னுடுச்சுங்க" என்று தலை தலையாகச் சொல்லி வெட்டினான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பரிசோதனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம், நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்று தட்டிக்கழித்தான்.

கடைசியில் அந்தத் தெரபிஸ்ட் பெண்ணே கடைக்கு வந்துவிட்டாள். தபால்காரர் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து குமிழைப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது கடைசி வரைக்கும் இறுகியிருக்கே. யார் திருகினது?"

"நான்தான்" என்றாள் தம்பி மனைவி, சாதாரணமாக. "ஸ்பிரிங் அப்பப்ப லூஸாகுதும்மா. முழங்கை தொங்கும். பட்டை மாட்டும்போதே ஒரு திருகு திருகிடுவேன். என் தையல் மெஷின்லயும் அப்படித்தான். ஓட ஓட நூல் திருகு இளகிடும், முடுக்கிட்டுத்தான் உட்காருவேன்."

அந்தப் பெண் தான் போட்ட பேனாக் கோட்டை விரலால் தேடித் தொட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்த ஸ்பிரிங் இளகாதுக்கா."

யாருக்கும் புரியவில்லை. அவள் குமிழைப் பேனாக் கோடு வரைக்கும் திருப்பினாள். "அண்ணா, இப்ப தூக்குங்க."

தூக்கினான். தோள் மட்டும் ஒருமுறை துடித்தது. கை அப்படியே தாங்கியோடு கீழே போனது. கட்டிங் மெஷின் நழுவி, ஒயரில் தொங்கி, தரையோரம் உறுமிக்கொண்டு ஆடியது. முதல் நாள் இதே கோட்டில்தான் அந்தக் கை மூக்குவரை போனது.

"நான் ஸ்பிரிங் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன் அண்ணி" என்றாள் தம்பி மனைவி என்னிடம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஸ்பிரிங்னுதான் நினைச்சேன்."

தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரிய ஸ்பிரிங் போடலாமாம்மா?"

"போடலாம் அண்ணா. ஆனா மேல போன கையைக் கீழ அழுத்திக் கொண்டுவரவும் பலம் வேணும்."

"சரி. இறுகியிருந்த இடத்துக்கே திரும்பத் திருகுங்க. அவருக்கு இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."

அவன் மனைவி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் இனி அதைத் தொடமாட்டாள் என்று தெரிந்தது. நான் போய் குமிழ் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷினை எடுத்து அவன் விரல்களுக்குள் கொடுத்துவிட்டுத் திருகினேன்.

"போதுமாடா?"

"இன்னும்."

திருகினேன். ஒவ்வொரு சுற்றும் அவள் ஏதோ ஒரு காலையில் தெரியாமல் வைத்த திருகு. இவ்வளவா? இவ்வளவா போயிருக்கிறது இவனிடமிருந்து? கை எழும்பவில்லை.

"இன்னும், அக்கா."

குமிழ் முட்டி நின்றது. அப்போதுதான் அவன் கை தபால்காரரின் காதோரம் வந்தது. அவன் வெட்டத் தொடங்கினான். நான் குமிழை விடவில்லை. இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று வராதா என்று முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.