அப்பா நித்திரை

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் எங்கட சனத்திடம் "கொரியா ரீச்சர்" என்று கேட்டால் போதும், பல்லாரோ சந்தைக்குள் நின்று மரக்கறி தெரிகிற பெண்டுகளே கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். அல்பெர்கேரியா வட்டாரத்தில், லிஃப்ற் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. றோபேட்டின் ஒரே மகள் யூலியானா. ஒரு காலம் அவளைக் கரித்துக் கொட்டியதும் இதே சனந்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தகப்பன் றோபேட் மன்னார்க்காரர். பொலித்தெயாமா நாடக அரங்குக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் வாசலில் இருந்து காவல் பார்த்தார். தாய் அற்புதமலர் முப்பது வருசமாய் ஒரே இத்தாலிக்காரச் சீமாட்டி, ஒரு சிஞ்ஞோரா, வீட்டில் தரை துடைத்தாள். பிள்ளை இஞ்சையே பிறந்து, இஞ்சையே பல்கலைக்கழகம் போய், அந்நியருக்கு இத்தாலி மொழி படிப்பிக்கிற பத்திரமும் எடுத்தாள். எடுத்து என்ன? நிரந்தர வேலை கிடைத்தால்தானே! ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம், இன்னொன்றில் மூன்று வாரம் என்று அலைந்தவளுக்கு, இருபத்தொன்பதாவது வயதில் கொரியாவில் தேகு நகரத்து ரியூட்டறி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒப்பரா பாடப் பழகுகிற இளசுகள் ஏராளம். இத்தாலிக்குப் படிக்கப் போகமுதல் அவர்களுக்கு மொழி வேண்டும்.

விமான நிலையத்துக்கு வந்த ரியூட்டறிக்காரர் பெயர் எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அவளைத் தாண்டி அங்கால் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தான்" என்று சொன்ன பிறகும், "இத்தாலிக்காரி எங்கே?" என்றார். அவள் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மனுசன் அதைப் பார்க்கிறதும் முகத்தைப் பார்க்கிறதுமாய்ப் பட்ட பாடு இருக்கே! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள்ளே சுருக்கென்றும் குத்தியது. ஆனால் மூன்று மாதத்தில் அதே மனுசன் புதுப் பிள்ளைகளை அவளிடம்தான் முதலில் அனுப்பினார். கிளி மாதிரிப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, இந்த வரியில் ஒருத்தி தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், இந்த வரியில் ஒருத்தன் சாகப்போகிறான் என்று அவள் விளங்கப்படுத்த, பாட்டு வேறு பாட்டாய்ப் போனது. பிள்ளைகள் அவளைக் கண்டால் இடுப்பு வளைத்துக் கும்பிட்டார்கள். ஒரு பேனையைக்கூட இரண்டு கையாலேதான் கொடுத்தார்கள். வேலைக்காரியின் மகளுக்கு இது புதுசு. முதல் கிழமை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

லீவு வந்தால் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். கியோங்ஜுவில் ஊர் நடுவில் புல் மூடிய மேடுகள். அதெல்லாம் ராசாக்களின் கல்லறை என்றார்கள். புசானில் மீன் சந்தை, மலைக்குள்ளே கோயில்கள். எல்லாப் படமும் அப்பாவுக்குப் போகும். அவர் கட்டடத்துக்குள் வருகிற தபால்காரன், டொக்டர், நாய் கூட்டிக்கொண்டு போகிற கிழவி என்று ஒருத்தரையும் விடாமல் போனை நீட்டி, "மியா ஃபீல்யா, புரொஃபெஸொரேஸா" என்பார். என்ர மகள், ஆசிரியை. அதைச் சொல்லச் சொல்ல மனுசனுக்கு அலுக்கவே இல்லை.

மூன்றாம் வருசம் சித்திரை கழிந்து ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா எங்கை அம்மா?"

"நித்திரை பிள்ளை. சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார்."

அடுத்த நாள் குளிக்கிறார். அதற்கடுத்த நாள் வேலைக்குப் போயிட்டார். பிறகு திரும்பவும் நித்திரை. இஞ்சைக்கும் அங்கைக்கும் ஏழு மணித்தியால வித்தியாசம். அந்த வித்தியாசம் தாயின் பொய்க்கு நல்லாய்க் கை கொடுத்தது. உண்மையில் றோபேட் வேலை செய்கிற வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, இருதயத்தில் ஒப்பரேசன் நடந்து, ஆசுப்பத்திரியில் கிடந்தார்.

அவர் விழுந்த மூன்றாம் கிழமையில்தான் யூலியானா ஜேஜு தீவுக்குப் போனாள். அங்கே கடலில் குளித்துச் சங்கும் சிப்பியும் எடுக்கிறது வயதுபோன பொம்பிளைகள். அப்பாவும் இளந்தாரியாய் இருக்கையில் மன்னார்க் கடலில் சங்கு குளிக்கப் போனவர். பொம்பிளைகள் வெளியே வந்து மூச்சு விடுகிற சத்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பினாள். அவர்களோடு நின்று சிரித்த படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டாள்.

"அப்பா பாத்தவரோ அம்மா?"

"ஓம் பிள்ளை. பாத்திட்டுச் சிரிச்சவர்."

அந்த நேரம் அவர் வாயில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தார். தாய் ஆசுப்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு சொன்னாள்.

ஐந்தாம் கிழமை தாயே போன் எடுத்தாள். "அப்பா மோசம் போயிட்டார் பிள்ளை. நேற்று அடக்கம் முடிஞ்சுது."

யூலியானா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். அவரும் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரி, ஞானஸ்நானப் பெயர் ஆகத்தா. அரைகுறைக் கொரியனிலும் அழுகையிலும் விசயத்தை விளங்கிக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் கோயில் பொம்பிளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்துவிட்டார். றோபேட்டின் படத்தை மேசையில் வைத்து, இரண்டு பக்கமாய்ப் பிரிந்து நிலத்தில் இருந்து, இந்தப் பக்கம் ஒரு வரி அந்தப் பக்கம் ஒரு வரியாய் இழுத்து இழுத்துப் பாடினார்கள். இறந்தவர்களுக்காக அங்கே அப்படித்தான் செபம். எங்கட தவசு காலத்தில் யேசுவின் பாடுகளைப் பாடுகிற பசாம் மாதிரியே ஒரு இழுவை. முன்பின் கண்டிராத மனுசனுக்காக அந்தப் பெண்டுகள் தொண்டை கட்டும்வரை பாடினார்கள்.

போகும்போது ஆகத்தா அம்மா அவளின் கையைப் பிடித்துச் சொன்னார்: "தாய் தகப்பன் செத்தால் இங்கே பிள்ளை வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிடும். அந்தக் காலத்தில் 'நான் பாவி' என்று சொல்லும். பிழை செய்ததால் இல்லை, பிள்ளை என்பதால்."

அவளுக்குக் கோபம் வந்தது. நான் என்ன பாவம் செய்தேன், எனக்குச் சொல்லவே இல்லையே என்று மனதுக்குள் கத்தினாள்.

தகப்பன் செத்த ஆறாம் நாள் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். ஏழாம் நாள் காலை பாண் வாங்கப் பல்லாரோவுக்கு இறங்கினால், கண்ட சனமெல்லாம் முகத்தைத் திருப்புது. தாயோடு கோயிலுக்குப் போய் வருகிற கிளறா அன்ரி மட்டும் நின்றா. நின்றது இரக்கத்தில் இல்லை.

"தகப்பன் சாகக்கிடக்கேக்கை கடல்கரையிலை நிண்டு படம் எடுக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது? கொம்மா எத்தினை தரம் வரச் சொல்லியும் லீவு இல்லை எண்டியாமே!"

அவள் பாணும் வாங்காமல் மூன்று மாடியும் ஏறினாள். தாய் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ அம்மா?"

தாய் நிமிரவில்லை. "டொக்டர் பிழைப்பார் எண்டவர். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு..."

"சனத்துக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எல்லாரும் மகள் வாறாளோ எண்டு கேட்டவை. சொல்லேல்லை எண்டால் என்னை என்ன நினைப்பினம்? வாயிலை வந்திட்டுது."

பிறகு கத்தியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள். தொண்ணூற்றாறில் தன்ர தகப்பன் மன்னாரில் செத்தபோது தனக்குப் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் இருக்கிற அனுமதிப் பத்திரம், இல்லை. போனால் திரும்பி வர ஏலாது. ஊரில் உள்ளவர்கள் இரண்டு மாதமாய், "ஐயா நித்திரை, ஐயா தோட்டத்திலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கட எல்லா வீட்டிலும் அதுதானே நடந்தது. போக முடியாத பிள்ளைக்குச் சாவைச் சொல்லிக் கொல்லக்கூடாது என்று ஒரு நியாயம். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான் பிள்ளை."

"என்னட்டைப் பாஸ்போர்ட் இருக்கு அம்மா!" என்று யூலியானா கத்தினாள். "ஒரு நாளிலை வந்திருப்பன்!"

மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து ஊரெல்லாம் காட்டியவள்தான் தாய். அந்த ஐந்து கிழமையும் அது அவளுக்கு நினைவில் வரவில்லை. பேப்பர் இல்லாத காலத்துப் பயம் பேப்பர் வந்த பிறகும் அந்த மனுசியை விட்டுப் போகவில்லை. யூலியானா அன்றைக்குத் தாயோடு பிறகு கதைக்கவில்லை. நாளைக்கு எட்டாம் நாள் செபம், சனம் முழுக்க வரும், அங்கே வைத்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று முடிவெடுத்தாள். தன்ர பெயரைத் தான்தானே காப்பாற்ற வேண்டும்?

எட்டாம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்குச் சனம் படியேறி வரத் தொடங்கியது. யூலியானா கறுப்புச் சட்டையோடு வாசலில் போய் நின்றாள். தாய் உள்ளே செபமாலையோடு இருந்தாள். எட்டு நாளில் அவளின் முகம் வற்றிப் போயிருந்தது. மகள் எப்போது வாயைத் திறக்கப்போகிறாள் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை யூலியானா கண்டாள்.

கிளறா அன்ரி வாசலில் நின்றே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கடைசியா முகத்தைப் பாக்கவும் லீவு தராத வேலை என்ன வேலை பிள்ளை?" என்றா.

யூலியானா இடுப்பு வளைத்து அவவைக் கும்பிட்டாள்.

"ஓம் அன்ரி. பிழை என்ரதான். நான் வந்திருக்க வேணும்."

கிளறா அன்ரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் இருந்தா. யூலியானா அடுத்து வந்தவரையும் கும்பிட்டாள், அதற்கடுத்தவரையும் கும்பிட்டாள். பிறகு உள்ளே வந்து தாய்க்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றாள். செபமாலை தொடங்கியது.

மூன்றாம் காரணிக்கத்தில், மூன்றாவது பத்து மணியில், தாய் செபத்தை நிறுத்திவிட்டாள். சனம் காத்துக்கொண்டிருந்தது. யாரோ விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்லப் பார்த்தார்கள். தாய் கையைக் காட்டி மறித்தாள்.

"என்ர பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். "நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. லீவு இல்லையெண்டது என்ர பொய். அவள் என்னைக் காப்பாத்திறாள்."

கிளறா அன்ரி வாயைப் பொத்திக்கொண்டா. யூலியானா, "விடுங்கோ அம்மா, காணும்" என்று தாயின் தோளைப் பிடித்தாள். ஆனால் உடைந்த அணையை ஆர் மறிக்கிறது?

"அவளுக்கு மட்டுமே? அந்த மனுசனுக்கும் பொய்தான் சொன்னனான். கடைசி இரண்டு நாளும் நல்ல நினைவு. 'யூலி எங்கை?' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர். நான் சொன்னன், வந்துகொண்டிருக்கிறாள், பிளேன் ஏறிட்டாள் எண்டு."

யூலியானாவின் கை தாயின் தோளில் இருந்து நழுவியது. அவ்வளவு சனத்துக்கும் நடுவில் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"அப்பா நம்பினவரோ?"

"ஓம்" என்றாள் தாய். "சவரம் எடுத்துவிடச் சொன்னவர். பிள்ளை வந்து பாத்தால் பயந்துபோவாள் எண்டு."